பனிமலைக்குப் போகும் மகனுக்கு, மணி அடிக்காத அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பி,

நீ ஜப்பானிலிருந்து புதன்கிழமை அனுப்பிய வீடியோவை நான் எத்தனை தடவை போட்டேன் என்று உன் தங்கச்சி மலரைக் கேட்டால் சொல்வாள். போனில் இருந்த டேட்டாவை எல்லாம் அம்மாவே தின்று தீர்த்துவிட்டார் என்று வீடு முழுக்கப் புலம்பித் திரிகிறாள். பனி அழகாக இருக்கிறது, மகன் முகம் தெரிகிறது, அதனால் பார்க்கிறேன் என்று அவள் நினைப்பு. நான் பார்த்தது முதல் இரண்டு தடவைதான். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நீயும் உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் பனியில் வரிசையாக நடந்துபோகிறீர்கள். நீ ஏதோ சொல்லிக்கொண்டு வருகிறாய். அப்போது உங்கள் காலுக்குக் கீழே 'வும்' என்று ஒரு சத்தம் வருகிறது. அரிசி மூட்டையைத் தோளிலிருந்து மண் தரையில் போட்டால் வருமே, அந்த மாதிரி. மூன்று பேரும் அப்படியே நின்றுவிடுகிறீர்கள். ஒருவன் சிரிக்கிறான், பிறகு மற்றவன் சிரிக்கிறான், கடைசியில் நீயும் சிரிக்கிறாய். உன் சிரிப்பு பிந்தித்தான் வந்தது. இருபத்தேழு வருடமாக உன் சிரிப்பைக் கேட்கிறவள் நான், என்னிடம் மறைக்க முடியாது.

வியாழக்கிழமை போனில் கேட்டபோது, "அது சும்மா பனி இறங்குற சத்தம்மா. எதுக்கெடுத்தாலும் பயப்படாதீங்க" என்றாய். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றும், சனிக்கிழமை வரை பனி கொட்டி முடிந்து ஞாயிறு வெயில் வரும் என்றும், நீ வேலை செய்கிற ஹோட்டலுக்கு வருகிறவர்கள் சறுக்கி விளையாடுகிற எல்லைக்கு வெளியே, கேட்டைத் தாண்டி, பின்பக்கத்து மலைக்கு மூன்று பேரும் போகிறீர்கள் என்றும் சொன்னாய். போகாதே என்று நான் வாயைத் திறப்பதற்குள், "நான் யாரு மகன்? மலையையே ஜெயிச்ச அம்மாவோட மகன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அந்த ஒரு வார்த்தைதான் என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது. அந்த வார்த்தையை நீ நம்பிக்கொண்டு கேட்டைத் தாண்டக் கூடாது. அது பொய். அந்தப் பொய்யை உனக்குக் கொடுத்தவள் நான்.

போனில் சொன்னால் நீ பாதியில் வெட்டிவிடுவாய், எனக்கும் அழுகை வந்துவிடும். அதனால் கொப்பியில் எழுதுகிறேன். மலர் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் முழுவதையும் வாசித்துவிடு. உன்னோடு வருகிற அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு. ஒருவன் பதுளைப் பக்கம், ஒருவன் ருவான்வெல்லை என்றாயே, அவர்களையும் யாரோ ஒருத்தி பெற்று வளர்த்திருப்பாள். இனி இது யார் கண்ணில் பட்டாலும் எனக்குக் கவலையில்லை. இவ்வளவு காலம் ஒளித்து வைத்ததே போதும்.

முதலில் உன் பனியைப் பற்றிச் சொல்கிறேன். இவளுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைப்பாய். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். நான் கண்ட பனி எல்லாம் ஐஸ் போட்ட மீன் பெட்டியில் இருந்ததுதான். அதனால் வீடியோவை எடுத்துக்கொண்டு நிவித்திகலைக்கு பஸ் ஏறினேன். உனக்குப் பூமிசாத்திரம் படிப்பித்த மாஸ்டர் இன்னும் அந்தப் பாடசாலைக் குவாட்டர்ஸில்தான் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டுக் கேட்டே தலை நரைத்துவிட்டது. "நானும் உதைக் கண்ணாலை கண்டதில்லை அக்கா, படிப்பிச்சதுதான்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார். சத்தம் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். "திருப்பிப் போடுங்கோ" என்றார். மூன்று தடவை கேட்டார். பிறகு தன்னுடைய போனை எடுத்துப் பெரிய நேரம் வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டை வாசிக்கிற டொக்டரைப் பார்க்கிற மாதிரி.

அவர் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பனி ஒரே பனி இல்லையாம். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் ஒரு படை, அதன் மேல் இன்னொரு படை. பருவம் தொடங்கும்போது கொஞ்சமாக விழுந்த பனி, வானம் வெளுத்துக் குளிர் கடுமையாக இருக்கிற நாட்களில் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீனி மாதிரிப் பொலபொலவென்று ஆகிவிடுமாம். அதற்கு மேல் புதுப்பனி வந்து மூடிவிடும். மேலே பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒன்றும் தெரியாது. அடியில் அந்தச் சீனிப் படை கிழமைக் கணக்கில், சில நேரம் மாதக் கணக்கில் அப்படியே இருக்கும். மேலே பாரம் கூடக் கூட, ஒரு ஆள் மிதித்தாலே அது உள்ளுக்குள் நொறுங்கும். "அந்தச் சத்தம்தான் அக்கா இது. பனி உள்ளுக்கை உடையிற சத்தம். இவங்கள் நிண்டது சமதரை, அதாலை தப்பினாங்கள். இதே சத்தம் சரிவிலை கேட்டிருந்தா மேலை இருக்கிறதெல்லாம் ஒரே பலகையா வந்திருக்கும்" என்றார். அடிவாரத்தில் சமதரையில் நடந்தால்கூட மேலே இருப்பதை இழுத்து விழுத்தலாமாம். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மலையின் மறுபக்கத்தில் குவித்துவிடுமாம். நீ போகப் போவது அந்த மறுபக்கத்துக்குத்தானே.

உங்கள் மலைக்கு ஆபத்து எவ்வளவு என்று தினமும் காலையில் போடுகிறார்களாமே, அதையும் தேடி எடுத்தார். ஐந்தில் மூன்று என்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது. பாதிதானே சேர் என்றேன். "பரீட்சைப் புள்ளி இல்லை அக்கா இது. மூண்டெண்டாப் பாதி எண்டு நினைக்காதேங்கோ. மூண்டிலைதான் சனம் துணிஞ்சு போய் மாட்டுப்படுறது" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்தச் சீனிப் படைதான் நெஞ்சில் நின்றது. மேலே ஒன்றும் தெரியாமல், அடியில் ஒட்டாமல், எத்தனை நாளானாலும் அப்படியே கிடக்கிறது என்றாரே. எனக்கு அது பதினேழு வருடமாகக் கிடக்கிறது.

உனக்கு அப்போது பத்து வயது. மலர் மூன்று வயதுக் குழந்தை, என்னோடு பிள்ளைக் காம்பராவில் இருப்பாள். அப்பா கொழும்பில் காவல் வேலையில் இருந்தார். மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் பிள்ளைக் காம்பரா. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வேன். வாசலில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். பால் கொடுக்கிற நேரம் மூன்று அடி அடித்தால், மலையில் இருக்கிற தாய்மார் வந்துவிட்டுப் போவார்கள். முற்றம் வெட்டையாக இருந்ததால், மழை அளக்கிற போத்தலை அங்கேதான் ஒரு கம்பத்தில் பூட்டினார்கள். மண்சரிவைப் பற்றிப் பேச வந்த சிங்கள ஐயா ஒருவர் எனக்குக் காட்டிக் கொடுத்தார். மஞ்சள் கோடு வரை வந்தால் கவனமாக இரு, சிவப்புக் கோட்டைத் தொட்டால் தண்டவாளத்தை நிறுத்தாமல் அடி, எல்லோரும் கீழே பாடசாலைக்குப் போகட்டும். அவ்வளவுதான் பாடம். எனக்குப் பெருமையாக இருந்தது. தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி நான்தான் என்று அப்பா போனில் கேலி செய்தார்.

தினமும் காலை எட்டு மணிக்கு அளவைக் கொப்பியில் எழுதிவிட்டுப் போத்தலைக் கவிழ்த்துவிடுவேன். நமக்குப் பழகிய முறையே அதுதானே. கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் கூடையைக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடுதான் அடுத்த தடவை மலைக்கு ஏறுவோம். காலைக் கொழுந்து காலையோடு சரி, அந்திக் கொழுந்து வேறு கணக்கு. மழையையும் நான் அப்படித்தான் நிறுத்தேன். எட்டு மணிக்குப் பிறகு பெய்வது புது மழை, பழையதைக் கொட்டியாகிவிட்டது. கொட்டியது நான் போத்தலை மட்டும்தான் என்பதும், முதல் நாள் குடித்த தண்ணீர் எல்லாம் மலையின் வயிற்றில் அப்படியே இருக்கிறது என்பதும் என் மூளைக்கு ஏறவில்லை. ஏறவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த வருடம் வைகாசி மழை தொடங்கியதுமே ஒரு நாள் சிவப்பைத் தொட்டது. நான் தண்டவாளத்தை அடித்தேன். மலையில் நின்ற சனம் எல்லாம் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, நனைந்துகொண்டு பாடசாலைக்குப் போனது. பொழுது சாயும் வரை காத்திருந்தோம். ஒரு கல்கூட உருளவில்லை. அன்றைய பேர், அந்த நாள் சம்பளம், எல்லோருக்கும் போனது. மேல் லயத்துப் பெருமாள் அண்ணன்தான் அதிகம் சத்தம் போட்டார். "போத்தல வச்சிக்கிட்டு ஊரக் கெளப்புது இந்தப் பொம்பள. நாளைக்கு ஆத்துல தண்ணி கூடுனாலும் அடிக்கும்" என்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்திலேயே, எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு என் பேர் 'மழை ஆயா' ஆகிவிட்டது. குழாயடியில் நான் போனால், "ஆயா, இன்னைக்கு ஓடணுமா, நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பெருமாள் அண்ணனின் சம்சாரம் முத்தம்மா அக்கா ஒருத்திதான் சிரிக்காதவர். "வுடு தங்கச்சி, இவங்களுக்கு வேற வேல இல்ல" என்று சொல்லிவிட்டு என் குடத்தை முதலில் வைக்க விடுவார். நான் சிரித்துச் சமாளித்தேன். உள்ளுக்குள் வெட்கத்தால் செத்தேன். இனி ஒரு தடவை சும்மா மணி அடித்து அசிங்கப்பட மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து அது நடந்தது. முதல் நாள் முழுக்க மழை. மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் பார்க்கும்போது தண்ணீர் மஞ்சளைத் தாண்டி, சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. எழுதினேன், கவிழ்த்தேன். மழை விடவில்லை. பதினொரு மணிக்குள் திரும்பவும் மஞ்சளுக்கு வந்துவிட்டது, அதையும் எழுதினேன். கூட்டிப் பார்க்கக் கணக்குப்பிள்ளை தேவையில்லை. காலையில் கொட்டியதோடு இதையும் சேர்த்தால் சிவப்பு எங்கேயோ கீழே போய்விடும். அந்தக் கணக்கு என் தலையில் ஓடியது, தம்பி. ஓடவில்லை என்று சொன்னால் அது பொய். அதோடு, பிள்ளைக் காம்பராக் கதவு தரையில் உரசிக்கொண்டு சாத்த மாட்டேன் என்றது. காலையில் நன்றாகச் சாத்திய கதவு. பீலியில் வந்த தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தேன். பெருமாள் அண்ணனின் முகம் கண்முன் வந்தது. போத்தலைத் திரும்பிப் பார்த்தேன். மஞ்சளில்தான் நிற்கிறது, சிவப்பு இல்லை, சட்டப்படி நான் அடிக்கத் தேவையில்லை. கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பால் கொடுக்க வந்திருந்த இரண்டு தாய்மாரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, பதின்மூன்று பிள்ளைகளையும் தூக்கியும் நடத்தியும், கீழ் வளைவில் இருக்கிற, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கொண்டுபோனேன். கூரை ஒழுகுகிறது, பிள்ளைகள் நனைகின்றன என்று அவர்களிடம் சொன்னேன். கூரை ஒழுகவே இல்லை. எனக்குப் பயம் வந்தது, என் கைக்குள் இருந்த பிள்ளைகளை, என் மகளை, அந்தப் பயத்தை நம்பிக் காப்பாற்றிக்கொண்டேன். அதே பயத்தை மற்றவர்களுக்குச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது.

போகிற வழியில், காய்ச்சல் என்று பாதி வேலையில் திரும்பி வந்த முத்தம்மா அக்கா எதிரே வந்தார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் நின்றார்.

"எங்க தங்கச்சி, புள்ளைங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு?"

"கூர ஒழுகுதுக்கா."

"போத்தல்ல ஏறிருச்சா?"

"இல்லக்கா. மஞ்சள்லதான் நிக்குது. நீங்க போய்ப் படுங்க."

நான் சொல்லித்தான் அவர் போனார். ஒரு மணிக்கு மழை விட்டது. வெயில்கூட வந்தது. மடுவத்து வாசலில் நின்று அந்த வெயிலைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் வந்தது, நல்ல வேளை மணி அடிக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு மணிக்கு மலை வந்தது. சத்தம் முதலில் அடியிலிருந்துதான் வந்தது, காலுக்குக் கீழே, 'வும்' என்று. பிறகுதான் மரம் முறிகிற சத்தம். பிள்ளைக் காம்பராவையும் மேல் லயத்தின் கடைசி நாலு வீடுகளையும் மண் மூடிவிட்டது. மற்ற வீட்டுக்காரர் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். முத்தம்மா அக்கா மட்டும்தான் உள்ளே. ஆண்கள் மம்பட்டியால் வெட்டினார்கள், முடியாதபோது கையால் பறித்தார்கள். பெருமாள் அண்ணனின் நகம் எல்லாம் பிய்ந்துபோனது. மறுநாள் பகலில்தான் எடுத்தார்கள். நான் சொன்ன மாதிரியே படுத்தபடிதான் இருந்தார்.

விசாரணைக்கு வந்த ஐயா, நான் மடுவத்துக்குக் கையோடு கொண்டுபோயிருந்த கொப்பியைப் பார்த்தார். எட்டு மணிக்கு எழுதியது சிவப்புக்குக் கீழே, அதற்குப் பிறகு மஞ்சள். போத்தல் காட்டியதைத்தான் நான் சொன்னேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, "ஒயாகே வரதக் நே, அக்கே" என்றார். என்னுடைய தவறு இல்லையாம். அந்த மனுஷன் சிங்களத்தில் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் நின்றேன். சனமோ அதற்கும் மேலே போய்விட்டது. பதின்மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றிய தெய்வம் என்றார்கள். சாமிதான் கூரையை ஒழுக வைத்தது என்றார்கள். கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். நீ பாடசாலையில் 'என் அம்மா' என்று பேசிப் பரிசு வாங்கினாய். மலை எங்கள் அம்மாவைப் பார்த்துப் பயந்தது என்று நீ மேடையில் சொன்னபோது நான் கடைசி வரிசையில் இருந்து கைதட்டினேன். அன்று உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பரிசுக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டேன். அப்பா கண் மூடும் வரை அவரிடமும் சொல்லவில்லை. நான் விழுங்கியதை நீ வீரம் என்று எடுத்துக்கொண்டு, இப்போது ஜப்பானில் பனிமலை ஏறுகிறாய்.

இப்போது நீ அனுப்பிய வீடியோவின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். சவளால் பனியில் குழி வெட்டி, ஒரு தூணை மட்டும் தனியாக நிறுத்தி, அதன் தலையில் சவளை வைத்துக் கையால் தட்டுகிறாய். முதலில் மணிக்கட்டால், பிறகு முழங்கையால். முழங்கையால் இரண்டாவது தட்டில் மேல் பாதி அப்படியே வழுக்கிக்கொண்டு உன் மடியில் வந்து விழுகிறது. "கேக் வெட்டுன மாதிரி சுத்தமா வருது பாருங்கம்மா" என்று சந்தோஷமாகக் காட்டுகிறாய். மகனே, அதுதானே உன் போத்தல்? அது சிவப்பைத் தொட்டுவிட்டது என்றுதானே உன் மடியில் வந்து விழுந்து சொல்கிறது? மலையே உனக்குப் பரீட்சை வினாத்தாளைக் காட்டி விடையையும் சொல்லித் தருகிறது, நீ அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறாய். அதற்குப் பிறகும் போகிறோம் என்கிறாய். என் கதவு உரசியது, உன் பனி வழுக்கியது, வேறு என்ன வித்தியாசம்?

கழுத்தில் மாட்டுகிற கருவி இருக்கிறது, புதைந்தாலும் கூட்டாளிகள் கண்டுபிடித்துத் தோண்டுவார்கள் என்றாய். இருக்கட்டும், அது இல்லாமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதே. ஆனால் தோண்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நாற்பது ஆண்கள் தோண்டியதை நான் பார்த்தவள். உனக்குத் தோண்ட இரண்டு பேர்தான், அவர்களும் புதையாமல் மேலே நிற்க வேண்டும். மாஸ்டரிடம் கேட்டேன், பனிக்குள் போனவனுக்கு நிமிடக் கணக்குத்தானாம். சரிந்து வந்து நின்ற பனி சீமெந்து மாதிரி இறுகிவிடுமாம். அந்தக் கருவி உன்னைத் தேடுவதற்குத்தான் உதவும், சரிவு வராமல் பிடித்து நிறுத்தாது. ஞாயிற்றுக்கிழமை வெயில் வரும் என்று சந்தோஷப்படாதே. வெயில் வந்ததும் மனுஷருக்குத்தான் பயம் விட்டுப்போகிறது. இரண்டு நாள் கொட்டியதும், காற்று கொண்டுவந்து குவித்ததும், மாதக் கணக்காக அடியில் கிடக்கிற சீனியும் அப்படியேதான் இருக்கும். புது நாள் என்று நீ கவிழ்த்துவிட முடியாது.

உன்னைப் பனியையே மிதிக்காதே என்று சொல்லவில்லை. கேட்டுக்கு உள்ளே, எல்லோரும் போகிற இடத்தில் போ, விளையாடு. மரம் அடர்ந்த சமதரையில் நட, மேலே சரிவு இல்லாத இடமாகப் பார்த்து நட. அந்தச் சீனிப் படை இறுகிவிட்டது என்று அங்கே மலையையே தொழிலாகப் பார்க்கிறவர்கள் சொல்லும் வரை அந்தப் பின்மலை அங்கேயேதான் இருக்கும், எங்கேயும் ஓடிவிடாது. இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் நீ போகப் போவது எதற்காக என்று எனக்குத் தெரியும். உன் கூட்டாளிகள் இருவரும் கிழமைக் கணக்காக இதைப் பற்றியே பேசுகிறார்கள், சப்பாத்து வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, லீவு மூன்று பேருக்கும் ஒன்றாகக் கிடைத்திருக்கிறது. இப்போது போய் வேண்டாம் என்றால் கிண்டல் செய்வார்கள். அந்தச் சத்தம் வந்தபோது நீ பயந்தாய். பயந்ததைச் சொல்லாமல் மூன்றாவது ஆளாகச் சிரித்தாய். மற்ற இருவரும்கூட அப்படித்தான் சிரித்தார்களோ என்னவோ, யார் கண்டது?

இதை எழுத உட்காருவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. நேற்று அந்தியில் பெருமாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியும், அவர் பேத்தி அந்தப் பதின்மூன்றில் ஒருத்தி. அந்த நன்றிக்கு வருடா வருடம் முதல் பலாக்காயை எனக்குத்தான் கொண்டுவந்து தருவார். நான் வாங்கி, அரிந்து, உங்களுக்கு ஆக்கிப் போட்டுவிட்டு நான் மட்டும் தொடமாட்டேன். அம்மாவுக்குப் பலாக்காய் ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் எல்லோரும் நினைத்திருந்தீர்கள். நேற்று அவர் முன்னால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், கம்பி, கூரை, வழியில் முத்தம்மா அக்கா கேட்டது, நான் சொன்னது. அவர் கத்தி எடுத்து வந்து வெட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவர் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் வாய்க்குப் பயந்தா அடிக்கல?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"அடிச்சிருக்கலாமே தங்கச்சி" என்றார். "நான் திட்டித்தான் இருப்பேன். திட்டுனா என்னா? ஒரு நாள் திட்டுவேன், ரெண்டு நாள் திட்டுவேன். அவ இருந்திருப்பாளே."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. எழும்பி வரும்போது, உன்னைப் பற்றிச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். "எழுது. ஒடனே எழுது" என்று மட்டும் சொன்னார்.

அதனால் எழுதிவிட்டேன். மலைக்கும் எனக்கும் சண்டையும் நடக்கவில்லை, நான் ஜெயிக்கவும் இல்லை. நீ வீரமான அம்மாவின் மகன் இல்லை, தம்பி. பயம் வந்தபோது அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்ட ஒருத்தியின் மகன். அந்த வெட்கம் உனக்கும் இருக்கிறது, வீடியோவில் கேட்டேன். என்னிடமிருந்து நீ வேறு எதை எடுத்துக்கொண்டாலும் அதை எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பிள்ளைகளிடம் போய், எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வரவில்லை, உங்களையும் விட மாட்டேன் என்று சொல். சிரிப்பார்கள். பேர் வைப்பார்கள். ஒரு நாள் கேலி செய்வார்கள், இரண்டு நாள் கேலி செய்வார்கள்.

பழைய போத்தல் மண்ணோடு போனது, அதற்குப் பதிலாகக் கொடுத்த போத்தல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மண்சரிவுக்குப் பிறகு கிடைத்த புது வீட்டு முற்றத்தில். காலையில் கவிழ்த்தாலும் முதல் நாள் அளவையும் அதற்கு முந்தின நாள் அளவையும் கொப்பியில் கூட்டிப் பார்க்காமல் நான் தேத்தண்ணி குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு அங்கே விடியும்போது, இங்கே இருட்டாக இருந்தாலும், நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். நீ எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அன்று வழியில் நின்று, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, என்னை நம்பி முத்தம்மா அக்கா கேட்ட அதே கேள்வி.

ஏறிருச்சா, ராசா?

நான் அவருக்குச் சொன்ன பதிலை எனக்குச் சொல்லிவிடாதே.

உன் அம்மா